மறுகால் பாய்ந்தால்தான் கிடா

அணையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் உள்ள பெரிய சங்கடம், வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது என்பதுதான். சமையல்காரர் ஒழுங்காக வேலை செய்தால் சாப்பாடு வரும். தச்சர் ஒழுங்காக வேலை செய்தால் கட்டில் வரும். நான் ஒழுங்காக வேலை செய்தால் ஊர் எப்போதும்போல இருக்கும். எப்போதும்போல இருக்கும் ஊரைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர் என்று எதையாவது பத்துப் பேருக்காகக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் பொறுப்பில் இருப்பது உத்தமபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஓடையை மறித்துக் கட்டிய சின்ன மண் அணை. அணை என்றதும் பூங்கா, வண்ண விளக்கு, மீன் வறுவல் கடை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நீளமாக ஒரு மண் கரை. வயலுக்குத் தண்ணீர் விட ஒரு மதகு. ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான சுவர் ஒன்று. அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தச் சுவர் மேல் வழிந்து கீழே ஓடையில் சேர்ந்துவிடும். ஊரில் அதற்கு மறுகால் என்று பெயர்.

மண் அணைக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் மறுகால் மேல் போகலாம், கரை மேல் போகவே கூடாது. போனால் கரை கரையும். கரைந்தால் அதன் கீழே இருக்கும் தெருவும் பால்வாடியும் வாழைத் தோட்டங்களும் இருந்த இடம் தெரியாது. அல்லிநகரத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் என் மனதில் ஓடுவது இதுதான். உத்தமபாளையத்தில் இறங்கி, அங்கே நிறுத்தி வைத்திருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அணைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது வேறு.

மரம் நட்டவர்கள்

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை கரைக்குப் போனால், கரை நெடுகிலும் புதுக் கன்றுகள். வேம்பு, புங்கை, நாவல், போதாததற்கு நட்டநடுவில் ஓர் ஆலங்கன்று. ஒவ்வொன்றுக்கும் மூங்கில் கூண்டு, கூண்டில் நட்டவர் பெயர் எழுதிய அட்டை. ஊர் இளைஞர் மன்றத்தின் வேலை. மன்றச் செயலாளர் பிரபு செல்போன் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். நான் பாராட்டப் போகிறேன் என்று பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார்.

மண் கரைக்கு மரம் எமன் என்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வேர் உள்ளே போய்த் தண்ணீருக்கு வழி பண்ணும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடத்தில் ஒரு குழாய் போட்டது மாதிரி ஓட்டை விழும். காற்றில் சாய்ந்தால் கரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டுதான் சாயும். கரைக்குப் புல் ஒன்றுதான் சிநேகிதம். நான் விளக்க விளக்க அவர் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் கன்றுகளை வேர் அறாமல் எடுத்து, ஊருக்குள் வரும் சாலையோரத்தில் நட்டுக்கொடுத்தோம். தன் கையால் நட்ட ஆலங்கன்றைக் கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு போகும்போது பிரபு சொன்னார்: “ஊரு ஒலகமெல்லாம் மரத்த நடச் சொல்றாக. புடுங்கச் சொன்ன ஒரே ஆபீசர் நீங்கதேன் மேடம்.”

நண்டு ரசம்

இளைஞர் மன்றம் அதோடு சோர்ந்துவிடவில்லை. கரைக்கு வேறு என்னவெல்லாம் ஆகாது என்று கேட்டார்கள். நண்டு வளை ஆகாது என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். கரையின் உட்பக்கம் அங்கங்கே நண்டு வளைகள் இருந்தது உண்மைதான். அவற்றைக் களிமண் வைத்து இடித்துக் கெட்டிப்படுத்துவது கரைக்காவலர் பரமனின் வேலை. அணையில் எனக்குக் கீழே இருக்கும் ஒரே பணியாளர் அவர்தான். எந்த வேலையும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தானே முடிந்துவிடும் என்பதில் அசையாத நம்பிக்கை உள்ளவர்.

அடுத்த முறை நான் போனபோது வேலை தானே முடிந்திருந்தது. மன்றத்தார் ஒவ்வொரு வளையையும் கடப்பாரையால் தோண்டி, முழங்கை வரை உள்ளே விட்டு, நண்டை இழுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். இரண்டு விரல் நுழைகிற வளை இருந்த இடத்தில் எல்லாம் ஓர் ஆள் குத்தவைத்து உட்காரும் குழி. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குப் பிரபு ஒரு தூக்குச் சட்டியை நீட்டினார். நண்டு ரசம். காரசாரமாக நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். குழிகளை மூடி இடிக்க ஆள் பிடித்து, மண் அடித்து, நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பரமன் ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: “குழிதேன் மேடம் பெருசு. நண்டுன்னு பாத்தா ஒண்ணுகூட இல்ல.”

ஈரம்

மண் அணைக்காரர்களின் கனவில் பேய் வராது, ஈரம்தான் வரும். கரையின் வெளிப்பக்கம், அதாவது தண்ணீர் இல்லாத பக்கம், ஓரிடத்தில் நனைந்திருந்தால் அணை உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். கசிவது தெளிந்த தண்ணீராக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். கலங்கலாக இருந்தால் கரை உள்ளே அரிபடுகிறது, ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒரு நாள் காலையில் நான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது பரமனின் போன். “வெளிப்பக்கம் ஒரு எடத்துல நனஞ்சிருக்கு மேடம். அவசரமில்ல, சும்மா சொல்லுவோம்னு அடிச்சேன்.” இட்லி தட்டிலேயே நின்றது. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே போனேன், அதனால் பஸ் வேகமாகப் போகும் என்பது போல.

ஈரம் இருந்தது. வாழை இலை அளவுக்கு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகவும் ஆனது. மண்டியிட்டுக் கையில் ஏந்திப் பார்த்தேன், தெளிந்த தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று புல்லை விலக்கிக்கொண்டே கரை மேல் ஏறினால், புல்லுக்கு அடியில் கறுப்பாக ஒரு ட்யூப். அணைக்குள் ஒரு முனை, கரையைத் தாண்டி ஒரு வாழைத் தோட்டத்தில் மறுமுனை. நடுவில் சைக்கிள் ரப்பர் சுற்றிய ஒரு ஒட்டு, அதிலிருந்துதான் ஒழுகல். தோட்டத்துக்காரர் எங்கள் பாசன சங்கத் தலைவர் சுருளியாண்டி. வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நிதானமாக நடந்து வந்தார். நான் கத்தினேன். கோபம் பாதி, அணைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி பாதி. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: “அணை ஒழுகுதுன்னு எவன் மேடம் சொன்னது? ஒழுகுறது நம்ம ட்யூப்பு. நல்ல சேதிதான இது?”

அணையின் பயன்கள்

பாசனம், கிணற்று ஊற்று, ஆடுமாடுகளுக்குத் தண்ணீர். இது பாடப்புத்தகம் சொல்வது. எங்கள் அணையின் உண்மையான பயன்களைக் கரையில் நின்றால்தான் பார்க்க முடியும். காலையில் சர்க்கரைக்காரர்கள் கை வீசி நடப்பார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் கரை மேல் ஸ்கூட்டர் பழகுவார்கள், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம் என்றால் ஹேண்டில் தானே நேராக நிற்கும் என்பது ஊர் சித்தாந்தம். மறுகால் சுவர் பல வருஷமாகக் காய்ந்து கிடந்ததால் கம்பளி உலர்த்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு நாள் கம்பத்திலிருந்து ஒரு போட்டோகிராபர், கல்யாண ஜோடி ஒன்றைக் கரை விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பொறுப்பான அதிகாரியாக அவர்களைக் கீழே இறக்கிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அணைக்கு நீங்கதேன் இன்சார்ஜா? மறுகால்ல எப்ப மேடம் தண்ணி விடுவீக? பேக்ரவுண்டு வெறிச்சுன்னு இருக்கு.”

உரச் சாக்கு

ஐப்பசியில் மழை பிடித்தது. பல வருஷத்துக்குப் பிறகு அணை மளமளவென்று ஏறியது. நான் குளிர்ந்த மனதோடு கரையில் நடந்து போய் மறுகாலைப் பார்த்தேன், மனம் அங்கேயே சூடாகிவிட்டது. சுவரின் மேல் உரச் சாக்குகளில் மண் நிரப்பி, வரிசை பிசகாமல், இரண்டடி உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மறுகால் இரண்டடி உயர்ந்தால் அணையில் இரண்டடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கூடவே, பெருவெள்ளம் வந்தால் கரை தாங்குவதற்கு இருக்கும் இடமும் இரண்டடி குறைந்துபோகும். முதல் பாதி ஊருக்கு நன்றாகப் புரியும். இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அடுக்கச் சொன்னவர் சுருளியாண்டி. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முந்தைய வருஷக் கோடையில் செவ்வாழை குலை தள்ளுகிற சமயத்தில் அணை வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, முடியாமல், தோட்டத்தைத் தானே வெட்டிச் சாய்த்தவர் அவர். அதைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். இந்த இரண்டடித் தண்ணீர் இருந்தால் ஊர் முழுக்க இன்னொரு பாய்ச்சலுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் சரிதான். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் பரமனும் மூட்டைகளை இறக்கிவைத்தோம். மறுநாள் அவை மறுபடி சுவர் மேல் இருந்தன. மறுபடி இறக்கினோம், மறுபடி ஏறின. யார் ஏற்றியது என்று கேட்டால், அணையிலேயே இருக்கும் பரமன் யாரையும் பார்க்கவில்லை என்றார். அவருக்கும் மதகுக்குக் கீழே கொஞ்சம் நெல் வயல் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. போலீசைக் கூப்பிடலாம்தான். ஆனால் மழைக்காலம் முழுக்க நான் இந்த ஊரோடு குடும்பம் நடத்தியாக வேண்டும். கரைக்குக் கீழே இருப்பது உங்கள் பிள்ளைகள்தானே என்று சுருளியாண்டியிடம் நேராகவே கேட்டேன். அவர் என் தோளில் இருந்த ஈரமண்ணைப் பார்த்துவிட்டு, டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டுச் சொன்னார்: “எடுக்குறது ஒங்க கடம. வைக்கிறது எங்க கடம. இதுல நமக்குள்ள என்ன மேடம் வருத்தம்?”

தாம்பாளம்

எனக்குக் கோபம் முற்றினால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன், அது என் வியாதி. பால்வாடி வாசலில் ஊரைக் கூட்டினேன். பெரிய தாம்பாளத்தில் மண்ணால் குட்டி அணை கட்டி, ஓரத்தில் மறுகால் வெட்டி, செம்பால் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். மறுகால் வழியாகத் தண்ணீர் அழகாக வெளியேறியது, கரை நின்றது. பிறகு மறுகாலில் ஒரு உருண்டைக் களிமண்ணை வைத்து அடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். தண்ணீர் கரை மேல் ஒரு கோடாகத்தான் ஏறியது. ஏறிய மறு நிமிஷம் கரை நடுவில் பிளந்து, கீழே நான் தெருவாக வைத்திருந்த தீப்பெட்டிகளை அடித்துக்கொண்டு போனது.

பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். பிரபு போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சுருளியாண்டி எழுந்து நின்று, தாம்பாளத்தைச் சுற்றி வந்து பார்த்து, மெச்சித் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “சின்னப் பிள்ளைக்கும் வெளங்குற மாதிரிச் சொன்னீக மேடம். அப்பக் கரையவும் ரெண்டடி ஒசத்திட்டாச் சோலி முடிஞ்சது. மண்ணு நம்மட்டயே இருக்கு.”

பேச்சியம்மாளின் கிடா

சுருளியாண்டியின் அக்கா பேச்சியம்மாள். கரைக்குக் கீழே முதல் வீடு அவருடையது. ஆடு வளர்க்கிறார். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த தன் மகளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் மடைக்கருப்புக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்திருந்தார். மதகுப் பக்கத்தில் கல்லாக நிற்கும் காவல் தெய்வம்தான் மடைக்கருப்பு. அந்தச் சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. மறுகால் பாய்ந்தால்தான் கிடா. பாயாத வருஷத்தில் யார் என்ன நேர்ந்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். குழந்தை பிறந்தது. மறுகால்தான் பாயவில்லை. குழந்தை பால்வாடிக்குப் போகும் வயது வந்துவிட்டது, கிடா கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிரபு சாலையோரம் நட்ட கன்றுகளில் பாதியை அதுதான் தின்றது. என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்தது. மறுகாலில் நான் ஒட்டிய எச்சரிக்கை நோட்டீசைச் சுருளியாண்டியாவது நின்று படித்தார், கிடா அதைப் பசையோடு நக்கித் தின்றுவிட்டது.

கூட்டம் நடந்த இரண்டொரு நாளில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் கிடாயை இழுத்துப் பிடித்தபடி, “ஏந் தாயி, தண்ணி மறுகாலுக்கு ஏறிருச்சா?” என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. கடுப்பில் உள்ளதைச் சொன்னேன். “ஏறி நேத்தே தாண்டியிருக்கணும்மா. உங்க தம்பி அடுக்கின மூட்டை மட்டும் இல்லேன்னா இந்நேரம் மறுகால் பாய்ஞ்சுக்கிட்டு இருக்கும்.” அவர் கிடாயை என் ஸ்கூட்டரிலேயே கட்டிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் மறுகாலில் பாதி ஊர் நின்றது. கிடாவெட்டை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் திருப்பூரில் இருக்கும் பேச்சியம்மாளின் மருமகன் வந்துவிடுவார் என்று ஒரு பேச்சு. அண்டா வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது என்று இளைஞர் மன்றம். நடுவில் சுருளியாண்டி செவ்வாழையைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடாத்தலை பாசன சங்கத் தலைவருக்குப் போவதுதான் வழக்கம், அதையும் ஒருவர் அவருக்கு ஞாபகப்படுத்தினார். அவர் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாரும் பேசி ஓயும் வரை பேச்சியம்மாள் காத்திருந்தார். பிறகு தம்பிக்கு முன்னால் போய் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஏலே சுருளி, சாமி தண்ணியக் குடுத்துருச்சு. எம் பேத்தியவும் குடுத்துருச்சு. நடுவுல நீ எதுக்குலே மூட்டையோட நிக்கிற?”

ஞாயிற்றுக்கிழமை

முதல் மூட்டையைச் சுருளியாண்டியே இறக்கினார். மிச்சத்தை மன்றத்தார் இறக்கி, கரையோரம் அடுக்கினார்கள். தண்ணீர் சுவர் மேல் மெல்லிசாக வழிந்து, பல வருஷமாகக் காய்ந்து கிடந்த பாசியை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு எந்தக் கச்சேரியும் அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தி. நல்ல வெயில். எனக்கு முதல் வரிசையில் இலை. குழம்பை ஊற்றிப் பிசையும்போது பரமனின் போன் அடித்தது. அவர் மனைவி மலை மேலே ஏலத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “மேல பொத்துக்கிட்டு ஊத்துது. வேலைய நிப்பாட்டிட்டு ஜீப்புல எறங்குறோம். ஓடையெல்லாம் ரோட்டு மேல வருது, பாத்துக்கிருங்க.” நான் இலையை விட்டு எழுந்தேன். பரமன் எனக்கு முன்னால் மதகை முழுசாகத் திறக்க ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கீழத் தெருவை மேட்டுச் சாலைக்கு ஏற்றச் சொன்னதும் பிரபுவும் மன்றத்தாரும் ஆள், ஆடு, மாடு, சோத்து அண்டா என்று ஒன்று விடாமல் ஏற்றினார்கள்.

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை செக்கச்செவேலென்று வந்தது. மெல்லிசாக வழிந்த மறுகால் கொஞ்ச நேரத்தில் இரைய ஆரம்பித்தது. பிறகு நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. தண்ணீர் கரையின் உட்பக்கம் ஒவ்வொரு புல்லாக மூழ்கடித்துக்கொண்டு மேலே வந்தது. நான் கரையில் நின்று, தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுகல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கே வந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன், அதையும் மறைக்க மாட்டேன்.

ஓரிடத்தில் வந்து தண்ணீர் நின்றது. கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சம் இருந்த இடம், பக்கத்தில் அடுக்கியிருந்த உரச் சாக்குகளின் அந்த இரண்டடி உயரத்தைவிடக் குறைவு. சுருளியாண்டி அங்கேதான் நின்றிருந்தார். சாக்கைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பி, கரைக்குக் கீழே பூட்டிக் கிடந்த அக்காவின் வீட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதை மறுபடி தோளில் போட அவருக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அளவுகல்லில் ஒரு கோடு வெளியே தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் குழம்பைச் சூடு பண்ணி மறுபடி பந்தி போட்டார்கள். அதற்குள் சுருளியாண்டி தேறிவிட்டார். திருப்பூர் மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியே சொன்னார். “எம்புட்டுத் தண்ணி வந்துச்சு, நம்ம கரை அசஞ்சுச்சா பாருங்க. ஒண்ணுமே ஆகல. இதுக்குப் போயி மேடம் நம்மள இம்புட்டு நாளா அரட்டுனாக.” மருமகன் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். நான் குழம்போடு அதையும் சேர்த்து விழுங்கினேன்.

இருட்டுவதற்குள் கிளம்ப ஸ்கூட்டரை எடுத்தேன். பரமன் வாழை இலையில் சுற்றி நாரால் கட்டிய கனமான ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். என்ன இது என்றேன். கிடாத்தலை என்றார். அது தலைவர் பங்கு ஆயிற்றே என்றேன். பரமன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தலைவருதேன் குடுத்து விட்டாக. எதுக்கு ஏன்னு ஒங்கள ஒண்ணும் கேக்க வேண்டாம்னு சொன்னாக.”

இந்த வேலையில் கைதட்டல் கிடைக்காது என்று முதலிலேயே சொன்னேன், கிடாத்தலையை மடியில் வைத்துக்கொண்டு அல்லிநகரம் வரை பஸ்ஸில் போக வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.